நான்காமவருக்கு இடம்

மும்பையின் செம்பூர் நிலையம். காலை எட்டரை மணி. ஹார்பர் லைனில் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையம் நோக்கிச் செல்லும் புறநகர் ரயில் வந்து நிற்கிறது. பன்வேலிலும் வாஷியிலும் ஏறியவர்களால் அது முன்னரே நிறைந்துவிட்டது. இரண்டாம் வகுப்புப் பெட்டியில் உள்ள நீள இருக்கைகள் மூன்று பேருக்காக அமைக்கப்பட்டவை. ஆனால் அந்த வேளையில் எந்த இருக்கையிலும் மூவர் மட்டும் அமர்ந்து செல்வதில்லை. நிற்பவர்களுள் ஒருவர் கையைச் சற்றே அசைத்துக் காட்டுவார்; அல்லது ‘தோடா அட்ஜஸ்ட்’ என்பார். மூவரும் சுவரோரமாக ஓர் அங்குலம், ஈரங்குலம் நகர்ந்து கொடுப்பர். விளிம்பில் உண்டாகும் சிறிதளவு இடத்தில் நான்காமவர் பாதி உடம்பை இருத்தி, மீதிப் பாதியைத் தம் கால்களாலேயே தாங்கிக்கொள்வார். மும்பைவாசிகள் இதனை ‘நான்காவது சீட்’ என்கிறார்கள். ரயில் பெட்டியை வடிவமைத்தவர்களின் வரைபடத்தில் அப்படி ஓர் இருக்கை கிடையாது. அமர்ந்திருப்பவர்கள் நகர்ந்தால் அது உண்டாகிறது, நகராவிட்டால் இல்லை.

‘அட்ஜஸ்ட்’ என்ற இந்தச் சொல்லைத் தமிழில் பெயர்ப்பது எளிதன்று. ‘அனுசரித்துப் போதல்’ என்றால் அதில் ஒரு பணிவு வந்துவிடுகிறது. ‘இடம் கொடுத்தல்’ என்றால் கொடுப்பவருக்கு ஒரு பெருமை சேர்ந்துவிடுகிறது. மும்பை ரயிலில் இரண்டும் இல்லை. கேட்பவர் கெஞ்சுவதில்லை, நகர்பவர் நன்றியை எதிர்பார்ப்பதில்லை. பெரும்பாலும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பதுகூட இல்லை.

இந்நகரில் ரயில் ஓடத் தொடங்கி நெடுங்காலம் ஆகிறது. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 14 பெட்டிகளுடன் ஏறத்தாழ 400 விருந்தினரை ஏற்றிக்கொண்டு முதல் வண்டி புறப்பட்டது. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை முதல் மின்சார ரயில் ஓடியது. இன்று செம்பூர்வாசிகள் நாள்தோறும் செல்வது அந்த ஹார்பர் தடத்தில்தான். பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் இப்புறநகர் ரயில்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 லட்சம் பயணங்கள் நிகழ்ந்தன. நெரிசல் நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் வரை நிற்கிறார்கள் என்பது ரயில்வேயின் கணக்கு. ஒரு சதுர மீட்டர் என்பது ஒருவர் கால் நீட்டிப் படுக்கக்கூடப் போதாத இடம்.

அங்குள்ள தமிழர்களின் வாழ்க்கை இந்தத் தண்டவாளங்களை ஒட்டியே வளர்ந்தது. தாராவிக்குக் கிழக்கே சயான், மாட்டுங்கா நிலையங்கள் மத்திய ரயில்வேயைச் சேர்ந்தவை. மேற்கே மாஹிம், மாட்டுங்கா ரோடு நிலையங்கள் மேற்கு ரயில்வேயைச் சேர்ந்தவை. இரு தடங்களுக்கும் இடைப்பட்ட அந்த நிலத்தில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் குடியேறினார்கள். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு குமாஸ்தா வேலைக்கு வந்தவர்கள் மாட்டுங்காவில் தங்கினர். 1932-இல் அங்கே தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. இடம் போதாதபோது அடுத்த தலைமுறை செம்பூருக்கும் அதற்கு அப்பாலும் நகர்ந்தது. செட்டா நகரில் முருகனுக்குப் படிகளுடன் கோவில் எழுந்தது. வீடு விலகிச் செல்லச் செல்ல ரயிலில் கழியும் நேரம் நீண்டது. இன்று போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று நாளில் மூன்று மணி நேரத்தைப் பெட்டிக்குள் செலவிடுவோர் எண்ணற்றவர்.

அவர்களுள் ஆன்மிக நாட்டம் உடையவர்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு: ‘ஜபத்துக்கும் தியானத்துக்கும் நேரம் எங்கே இருக்கிறது? விடியுமுன் எழுந்து ஓடுகிறோம்; இரவு வந்து விழுகிறோம்.’ இக்குறை பொய்யன்று. இதற்குப் பதிலாக மேடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் உவமை ஒன்றும் உண்டு: வாழ்க்கை ஒரு ரயில் பயணம், உறவினர் சக பயணிகள், அவரவர் நிலையம் வந்ததும் அவரவர் இறங்கிவிடுவர், ஆகவே பற்று வேண்டாம். உவமையில் குற்றமில்லை. ஆயினும் முப்பது ஆண்டுகள் அந்த வண்டியிலேயே சென்றுவரும் ஒருவரிடம் அதைச் சொன்னால் அவர் புன்னகை செய்வார். நாள்தோறும் இருமுறை இறங்குகிறார். பற்று மட்டும் இறங்கக் காணோம். ரயில் தானாக எவருக்கும் வைராக்கியத்தைக் கற்பித்துவிடுவதில்லை.

பின் அது எதைக் கற்பிக்கிறது? வாசலில் நாள்தோறும் நடக்கும் ஒரு சிறு நிகழ்ச்சியைக் கவனிக்கலாம். குர்லாவில் ஒருவர் ஏற முயல்கிறார். ‘உள்ளே இடம் இருக்கிறது, நகருங்கள்!’ என்று கூவுகிறார். எப்படியோ ஏறியும் விடுகிறார். அடுத்த நிலையம் சுன்னாபட்டி. அங்கே நடைமேடையில் நிற்பவர்களை நோக்கி அவரே, ‘இடமில்லை, அடுத்த வண்டியில் வாருங்கள்!’ என்கிறார். இரு நிலையங்களுக்கும் இடையே கழிந்தவை சில நிமிடங்களே. அதற்குள் வெளியாளாக இருந்தவர் உரிமையாளராகிவிட்டார். பத்திரம் எழுதவில்லை, பணம் கொடுக்கவில்லை. உடம்பு ஓரிடத்தைத் தொட்டது, அவ்வளவே. ‘எனது’ என்னும் எண்ணம் எவ்விதம் முளைக்கிறது என்பதை வேதாந்த நூல்கள் பல அத்தியாயங்களில் ஆராய்கின்றன. அதனைச் சில நிமிடங்களில், ஐயத்துக்கு இடமின்றிக் காட்டும் ஆய்வுக்கூடம் சுன்னாபட்டி நடைமேடையில் இருக்கிறது.

அமர்ந்திருப்பவரிடம் இந்த எண்ணம் இன்னும் நுட்பமாகச் செயல்படுகிறது. ‘நான் முன்னால் வந்தேன்’, ‘நாற்பது நிமிடம் நின்று பெற்ற இடம் இது’ என்று மனம் கணக்கு எழுதுகிறது. நிற்பவர்களும் சும்மா நிற்பதில்லை. ‘நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்?’ என்று கேட்டு, அவர் எழப்போகும் இருக்கைக்கு முன்கூட்டியே உரிமை பதிந்துகொள்வார்கள். மகளிர் பெட்டிகளில் இவ்வழக்கம் ஒரு முறையான சட்டத்தைப்போல் நடக்கிறது. தாதரில் இறங்குபவரின் இடம் இன்னாருக்கு, அவருக்குப் பின் இன்னாருக்கு என்று வரிசையே உண்டு. காலியாகாத இருக்கைக்கு இத்தனை வாரிசுகள்! மாலை வண்டிகளில் தாளம் தட்டி நாமம் பாடிக்கொண்டு செல்லும் பஜனைக் குழுக்கள் மும்பையின் அழகுகளுள் ஒன்று. ஆனால் அவர்களுள்ளும், நாமத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே தம் குழுவினருக்காகக் கைப்பையை வைத்து இடம் மறிப்பவர்கள் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விட்டலன் அதைக் கண்டு என்ன நினைப்பானோ.

தமிழ் வைணவ மரபு போற்றிக் காத்துவரும் நெரிசல் கதை ஒன்று இருக்கிறது. காஞ்சியில் தோன்றிய பொய்கையாழ்வார், கடல்மல்லையில் தோன்றிய பூதத்தாழ்வார், மயிலையில் தோன்றிய பேயாழ்வார் ஆகிய மூவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். தனித்தனியே திருக்கோவலூருக்கு வந்தார்கள். இருட்டு, பெருமழை. முதலில் வந்த பொய்கையார் ஒரு வீட்டின் இடைகழியில், அதாவது வாசலுக்கும் உள்கட்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நடையில், படுத்திருந்தார். பூதத்தார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கப் போதுமான இடத்தில் இருவர் உட்காரலாமே என்று பொய்கையார் எழுந்து அமர்ந்தார். பின்னர் பேயார் வந்தார். இருவர் அமரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று இருவரும் எழுந்து நின்றார்கள். அதன்பின் கதவு திறந்ததாகத் தெரியவில்லை. எவரும் இடம் கேட்கவுமில்லை. ஆயினும் மூவரும் நெருக்கப்பட்டார்கள். நான்காவதாக ஒருவர் உள்ளே நிற்கிறார் என்பதை உடம்பு உணர்ந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. யார் இவ்வாறு நெருக்குவது என்று அறிய அவர்கள் விளக்கேற்றினார்கள். பொய்கையார் ஏற்றிய விளக்குக்கு உலகமே அகல். பூதத்தார் ஏற்றியதற்கு அன்பு அகல். அவ்வெளிச்சத்தில் பேயார் திருமாலைக் கண்டார். முதல் மூன்று திருவந்தாதிகளும் அந்த இரவில் பிறந்தவை என்பது மரபு.

இக்கதையைக் கேட்டிராத தமிழ் அன்பர் அரியர். ஆயினும் அதில் அதிகம் பேசப்படாத இரு செய்திகள் உள்ளன. முதலாவது, பொய்கையார் படுத்திருந்தவர். மழை இரவில் உறங்கத் தொடங்கிய ஒருவரை எழுப்பி இடம் கேட்டால் அவருக்கு எழக்கூடிய முதல் எண்ணம் எது என்பது, நான்காவது சீட்டுக்காகக் கை அசைக்கப்பட்டதும் ஜன்னலோரம் உறங்குவதுபோல் கண்களை மூடிக்கொள்பவர்களுக்குத் தெரியும். அவர் எழுந்தார். வந்தவர் ஆழ்வார் என்று அறிந்து எழவில்லை. இருட்டில் ஒரு குரல் கேட்டது, எழுந்தார். இரண்டாவது, இறைவன் அங்கே ஓர் ஒளியாகவோ அசரீரியாகவோ முதலில் வரவில்லை. நெருக்கமாக வந்தான். ‘இடம் போதவில்லையே’ என்ற உணர்வாகவே அவன் வருகை முதலில் தெரிந்தது. மூவரும் நகர்ந்து நகர்ந்து இடம் கொடுத்து, இனி நகர வழியில்லை என்ற நிலை வந்தபோதுதான் நான்காமவன் வந்தான்.

பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் தியானத்தைப் பற்றியது. தனிமையான இடம், ஆசனம், உடலை நேராக நிறுத்துதல் என்று தொடங்கும் அவ்வத்தியாயம், பிறருடைய இன்ப துன்பங்களைத் தன்னைக் கொண்டே அளந்தறிபவனை யோகிகளில் மேலானவனாகக் கூறும் இடத்துக்கு வந்து சேர்கிறது. தனிமையில் தொடங்கிய தியானம் பிறரிடம் வந்து நிற்கிறது. நின்றுகொண்டிருப்பவரின் கெண்டைக்கால் வலி எப்படியிருக்கும் என்பதை அமர்ந்திருப்பவர் அறிய நூலைத் திறக்க வேண்டியதில்லை; நேற்று அவரே நின்றார். அந்த நினைவைக் கணக்குப் பார்க்கப் பயன்படுத்தினால் ‘நான் நேற்று நின்றேன், இன்று அவர் நிற்கட்டும்’ என்று முடியும். விளக்காகப் பயன்படுத்தினால் உடம்பு தானே இரண்டு அங்குலம் நகரும். நேரம் இல்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் சாதகருக்கு அந்த மூன்று மணி நேரம் சாதனைக்கு வெளியே கிடக்கும் பாழ்நிலமாகத் தோன்றுகிறது. திருக்கோவலூர் இடைகழியும் வழிபாட்டு இடமாகக் கட்டப்பட்டதன்று. அது வெறும் நடை.

இந்நகரம் அந்த விளக்கை ஏற்றிய நாள்கள் உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தண்டவாளங்கள் மூழ்கின, ரயில்கள் நின்ற இடத்தில் நின்றன. மித்தி ஆறு பெருகித் தாழ்வான குடியிருப்புகளில் புகுந்தது. லட்சக்கணக்கானோர் இடுப்பளவு நீரில் இருட்டில் நடந்து வீடு சேர முயன்றனர். அன்றிரவு முன்பின் அறியாதவர்களுக்குக் கதவைத் திறந்த வீடுகளும், தேநீரும் ரொட்டியும் வைத்துக்கொண்டு சாலையோரம் நின்றவர்களும் அந்நகரின் நினைவில் இருக்கிறார்கள். மறு ஆண்டு 2006 ஜூலை 11 மாலை, மேற்கு ரயில்வேயின் ஏழு வண்டிகளில் சில நிமிட இடைவெளிகளில் குண்டுகள் வெடித்தன. மாஹிம், மாட்டுங்கா ரோடு பகுதிகளில் வெடித்தவையும் அவற்றுள் உண்டு. 180-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தண்டவாள ஓரக் குடிசைகளில் வாழ்ந்தவர்கள் முதலில் ஓடிவந்து, தங்கள் படுக்கை விரிப்புகளில் காயமுற்றோரைத் தூக்கிச் சென்றார்கள். அவர்களிடம் படுக்கை விரிப்புகள் மிகுதியாக இருந்திருக்க நியாயமில்லை.

இவற்றைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நெரிசலைப் புகழ்வது எளிது. அதிலும் நெரிசலில் செல்லாதவர்களுக்கு மிக எளிது. 2025 ஜூன் 9 காலை, திவா, மும்ப்ரா நிலையங்களுக்கு இடையே தண்டவாளம் வளையும் இடத்தில், எதிரெதிரே கடந்த இரு வண்டிகளின் வாசல்களில் தொங்கிச் சென்றவர்கள் கீழே விழுந்தனர். நால்வர் அன்றே உயிரிழந்தனர். மும்பைப் புறநகர் ரயில் தடங்களில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் 2,400-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தண்டவாளத்தைக் கடக்கையில் அடிபட்டோர் அவர்களுள் மிகுதி. ஓடும் வண்டியிலிருந்து விழுந்தோரும் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒவ்வொருவரும் அன்று காலை வீட்டிலிருந்து சாப்பாட்டுப் பையுடன் புறப்பட்டவர்கள். அவர்களுடைய குடும்பத்தாரிடம் சென்று பொறுமையைப் பற்றிப் பேசுவதற்கு எவருக்கு நா எழும்?

இங்கே ‘திதிக்ஷை’ என்ற சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும். குளிரும் வெப்பமும் வந்து போவன, அவற்றைப் பொறுத்துக்கொள் என்று கண்ணன் அர்ஜுனனுக்கு உபதேசிக்கிறான். ஆதிசங்கரர் இயற்றியதாக மரபு கூறும் விவேகசூடாமணி, மாற்று தேடும் பரபரப்போ புலம்பலோ இல்லாமல் தாங்கும் தன்மையாக இதனை விளக்குகிறது. மாற்று தேடாதிருப்பதே ஆன்மிகம் என்றால், வண்டிகளைக் கூட்டுங்கள், கதவு வையுங்கள் என்று கேட்பதுகூடக் குற்றமாகிவிடும். பலர் இவ்வாறே பொருள் கொண்டிருக்கிறார்கள். இதனால் நம் நாட்டுக்கு நேர்ந்த தீங்கு சிறிதன்று. ஆனால் அந்நூல் திதிக்ஷையை எங்கே வைக்கிறது என்று பார்க்க வேண்டும். முக்தியை நாடுகிற சாதகன் தன்னிடம் வளர்த்துக்கொள்ள வேண்டிய தகுதிகளுள் ஒன்றாக வைக்கிறது. அது ஒருவன் தனக்கு இட்டுக்கொள்ளும் விரதம். பிறருக்கு விதிக்கும் சட்டமாக அது எங்கும் சொல்லப்படவில்லை. ஏகாதசியன்று தான் உண்ணாதிருப்பது விரதம். பசித்து வந்தவனுக்குச் சோறிடாதிருப்பதற்குப் பெயர் வேறு.

தமிழில் ‘பொறை’ என்ற சொல்லுக்குப் பொறுமை என்றும் பொருள், சுமை என்றும் பொருள். என் சுமையை நான் தாங்கினால் பொறுமை. என் பங்குச் சுமையையும் மற்றவர் தோளில் ஏற்றிவிட்டு அவருக்குப் பொறுமையைப் போதித்தால் அது எதிலும் சேராது.

இந்த வேறுபாட்டை இராமாநுசர் வாழ்ந்து காட்டினார். திருக்கோட்டியூர் நம்பியிடம் மந்திரப்பொருள் கேட்க அவர் பதினெட்டு முறை நடந்தார். திருப்பி அனுப்பப்பட்டபோதெல்லாம் முகம் சுளிக்காமல் திரும்பினார். தமக்கு நேர்ந்ததை அவ்வளவு பொறுத்தவர், அம்மந்திரம் பிறருக்குக் கிடைக்காமல் இருப்பதை ஒரு நாளும் பொறுக்கவில்லை. கோவிலின் உயரத்தில் ஏறி நின்று, கூடியிருந்தோர் அனைவருக்கும் உரைத்தார். குருவின் ஆணையை மீறினால் நரகம் என்று தெரிந்தே செய்தார். பலர் உய்வார்களாயின் தாம் ஒருவர் நரகம் புகுவது தகும் என்பது அவர் கணக்கு. தன் இடத்தைச் சுருக்கிக்கொள்வதும் பிறருக்கான இடத்தை விரிப்பதும் ஒரே மனத்தின் இரு செயல்கள் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேறில்லை. தாம் நின்றுகொண்டு பிறருக்கு இருக்கை தருபவரே, மூடும் கதவுகள் வேண்டும் என்று மனு எழுதுவதிலும் முன்னிற்க வேண்டியவர். தானே மூடும் கதவுகள் கொண்ட குளிர்சாதனப் புறநகர் ரயில் 2017 டிசம்பர் 25 அன்று முதன்முதலாக ஓடியது. சாதாரணப் பெட்டிகளிலும் அத்தகைய கதவுகள் அமைக்கப்படும் என மும்ப்ரா விபத்துக்குப் பின் ரயில்வே அறிவித்தது. அது தாராவிச் சிறுவனின் பயணத்துக்கும் வந்து சேரும்வரை இப்பேச்சு முடிந்ததாகாது.

நெடுந்தூர வண்டிகளில், ஆண்டுக்கணக்காக ஒரே பெட்டியில் ஒரே நேரத்தில் செல்லும் குழுக்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பயணத்தின் முதல் பாதியில் அமர்ந்திருந்தவர்கள் குறிப்பிட்ட நிலையம் வந்ததும் எழுந்துகொள்வர். அதுவரை நின்றவர்கள் அமர்வர். எவரும் கடிகாரம் பார்ப்பதில்லை, எவரும் நினைவூட்டுவதில்லை. பேச்சு நடுவே, சீட்டாட்டத்தின் நடுவே இது நடந்துவிடும். வெளியூரிலிருந்து வந்து முதன்முறை ஏறியவர், ஏன் எழுந்தார்கள், இறங்கப்போகிறார்களா என்று குழம்புவார்.

மாலை ஏழு மணிக்குமேல் பன்வேல் வண்டி மீண்டும் செம்பூரை நெருங்குகிறது. ஒலிபெருக்கி மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் நிலையத்தின் பெயரைச் சொல்கிறது. ஜன்னலோரத்தில் அமர்ந்திருந்தவர் பையை எடுத்துக்கொண்டு எழுகிறார். மற்ற இருவரும் உள்ளே நகர்கிறார்கள். வடாலாவிலிருந்து விளிம்பில் பாதி உடம்போடு தொற்றியிருந்தவர் முழுதாக அமர்ந்து, கால்களை நீட்டி, பெருமூச்சு விடுகிறார். இப்போது அவர் மூன்றாமவர். நனைந்த குடையைப் பிடித்துக்கொண்டு செம்பூரில் ஏறிய ஒரு முதியவர் அவருக்கு எதிரே வந்து நின்று, கையைச் சற்றே அசைக்கிறார்.